ஏற்றத்தாழ்வின் கதை – 17: ஒரு நாளைக்கு ஒரு டாலர்

சென்ற இதழில் 1996 ஜூலையில், கனடாவின் வான்கூவர் நகரில் நிறுத்தியிருந்தோம். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி. கிருமி இரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கிவிடுகிறது என்ற செய்தி அங்கே கூடிய எய்ட்ஸ் மாநாட்டில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் கிருமி சில மாதங்களில் உருமாறித் தப்பிவிடும். மூன்றும் ஒரே சமயத்தில் தாக்கும்போது, மூன்றிலிருந்தும் தப்பும்படி உருமாறுவது அதற்கு ஏறக்குறைய முடியாத காரியம்.

அடுத்த ஒரே வருடத்தில் அமெரிக்காவில் எய்ட்ஸ் சாவு விகிதம் கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. ஆயுள் காப்பீட்டு பாலிசியை வந்த விலைக்கு விற்றுவிட்டுச் சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், எடை கூடினார்கள், மறுபடி வேலைக்குப் போனார்கள். மருத்துவர்கள் அதை லாசரஸ் விளைவு என்று அழைத்தார்கள். பைபிளில் கல்லறையிலிருந்து எழுந்து வருகிற லாசரஸின் பெயர் அது.

அந்த எழுச்சி ஆப்பிரிக்காவில் நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு போட்ட கணக்குப்படி உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் சுமார் 3.4 கோடிப் பேர். அவர்களில் 2.4 கோடிக்கும் அதிகமானவர்கள் சஹாராவுக்குத் தெற்கே இருந்தவர்கள். மூன்று மருந்துச் சிகிச்சைக்கு ஒரு வருடத்துக்கு ஆன செலவு 10,000 முதல் 15,000 டாலர். அப்போதைய மதிப்பில் நான்கரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஓர் ஆளின் மருத்துவத்துக்கு வருடம் முழுவதற்கும் 10 டாலர்கூட ஒதுக்க முடியாத அரசுகள் அந்தக் கண்டத்தில் நிறைய இருந்தன. 2002 முடிவில்கூட அங்கே மருந்து தேவைப்பட்ட நாற்பது லட்சத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய 50,000 பேருக்குத்தான் அது கிடைத்துக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1990ல் 60ஐத் தாண்டியிருந்த சராசரி ஆயுள் 2005 வாக்கில் 55க்குக் கீழே இறங்கிவிட்டது.

இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த ஏற்றத்தாழ்வுகள் பலவும் மெல்ல மெல்ல, தலைமுறைகளாகச் சேர்ந்தவை. நிலம் பறிபோனது, கடன் ஏறியது, குடிநீர்க் குழாய் ஒரு தெருவோடு நின்றுபோனது. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது வேறு ரகம். மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, ஆலைகளில் செய்யப்படுகிறது. யார் வாங்கலாம், யார் சாகவேண்டும் என்பதை ஒரு விலைச்சீட்டு தீர்மானித்தது. அந்த விலையை எழுதியது சட்டம். எந்தச் சட்டம், யார் எழுதியது, யார் அதை மாற்றி எழுதினார்கள் என்பதெல்லாம் தேதியோடும் பெயரோடும் நமக்குத் தெரியும். இந்தக் கதையை விரிவாகச் சொல்ல விரும்புவதற்கு அதுவே காரணம்.

விலை ஏன் அவ்வளவு? ஆராய்ச்சிச் செலவை எடுக்க வேண்டாமா என்பதுதான் மருந்து கம்பெனிகளின் பதிலாக இருந்தது. முதல் எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி.யையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பொருளை 1964ல் முதன்முதலில் உருவாக்கியவர் டெட்ராய்ட் நகரின் ஜெரோம் ஹார்விட்ஸ். அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தவர். புற்றுநோயில் அது பலிக்கவில்லை. அவர் அதற்குக் காப்புரிமை கேட்கவும் இல்லை. இருபது வருடம் கழித்து எய்ட்ஸ் கிருமியை அது தடுக்கிறது என்று தெரியவந்தபோது, சோதனையில் பெரும்பங்கு வகித்தது அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம். காப்புரிமை மட்டும் பரோஸ் வெல்கம் என்ற கம்பெனிக்குப் போனது. 1987ல் அது சந்தைக்கு வந்தபோது வருடத்துக்குச் சுமார் 10,000 டாலர் என்று விலை வைத்தார்கள். ஹார்விட்ஸுக்கு அதிலிருந்து ராயல்டி ஒரு காசு வரவில்லை. பிறகு வந்த ஸ்டாவுடின் என்ற மருந்தின் கதையும் இதே போலத்தான். எய்ட்ஸுக்கு அது உதவும் என்று கண்டவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், விற்றது பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப்.

கம்பெனிகள் எந்தச் செலவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துப் பார்ப்பது பெரும் செலவுதான். ஆனால் அந்தச் செலவை ஈடுகட்டிய சந்தை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும். மருந்து உலகத்தின் மொத்த விற்பனையில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பங்கு ஓரிரு சதவீதத்தைத் தாண்டியதில்லை. அங்கே விலையைக் குறைத்திருந்தால் எந்த ஆய்வுக்கூடமும் மூடப்பட்டிருக்காது.

*

இங்கே நாம் நாற்பது வருடம் பின்னோக்கிப் போகவேண்டும், அதுவும் சென்னைக்கு.

சுதந்திர இந்தியா வெள்ளைக்காரர் காலத்து 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தையே வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தது. இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டாருடையவை. அவற்றிலும் பெரும்பகுதியை அவர்கள் இங்கே உற்பத்திக்குக் கொண்டுவரவே இல்லை. வேறு யாரும் செய்துவிடாமல் வேலி போடுவதற்கு மட்டும் பயன்பட்டன. விளைவு, உலகின் ஏழை நாடுகளில் ஒன்றான இந்தியாவில் மருந்து விலை உலகின் மிக உயர்ந்த விலைகளில் ஒன்றாக இருந்தது. இதைச் சொன்னது நம்மவர்கள் அல்ல, செனட்டர் கெஃபாவர் தலைமையில் மருந்து விலைகளை விசாரித்த அமெரிக்க செனட் குழு.

1957ல் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து சொல்லும்படி மத்திய அரசு ஒருவரைக் கேட்டுக்கொண்டது. அவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். 1959 செப்டம்பரில் அவர் கொடுத்த அறிக்கை, நான் படித்த அரசாங்க அறிக்கைகளிலேயே மிகத் தெளிவான ஒன்று. காப்புரிமையே கூடாது என்று அவர் சொல்லவில்லை. தொழிலில் முன்னேறிய நாட்டுக்குப் பலன் தரும் ஏற்பாடு, பின்தங்கிய நாட்டில் அதே பலனைத் தராது என்றார். ஜெர்மனி தன் இரசாயனத் தொழிலை வளர்த்த காலத்தில் என்ன செய்தது என்று அவர் பார்த்தார். 1877ஆம் ஆண்டு ஜெர்மன் சட்டம் இரசாயனப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. இட்லிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, நீங்கள் மாவு அரைக்கும் தனி முறைக்கு மட்டும் சில வருடம் உரிமை உண்டு என்பது மாதிரி. வேறு முறையில் அதே பொருளைச் செய்ய இன்னொருவருக்குத் தடையில்லை. சுவிட்சர்லாந்தும் இத்தாலியும்கூட 1970களின் பிற்பகுதிவரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. இன்று காப்புரிமையின் பெரும் காவலர்களாக நிற்கும் நாடுகள், தாங்கள் வளரும்வரை அந்தக் கட்டுக்குள் சிக்காமல் இருந்தன.

அய்யங்கார் அறிக்கை சட்டமாக இன்னும் பதினோரு வருடம் பிடித்தது. 1970ல் இந்திரா காந்தி அரசு நிறைவேற்றிய காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்குப் பொருள் காப்புரிமை கிடையாது. முறைக்கு மட்டும், அதிகம் போனால் ஏழு வருடம். அந்தக் கதவு வழியாகத்தான் இந்தியாவின் மருந்துத் தொழில் வளர்ந்தது. ஹைதராபாத்திலும் பம்பாயிலும் அகமதாபாத்திலும் வேதியியல் படித்த ஒரு தலைமுறை, உலகின் எந்த மருந்தையும் வேறு வழியில் செய்து பார்க்கும் திறமையை அடைந்தது. அந்தச் சட்டப் பிரிவுகளை எழுதியவர்கள் எய்ட்ஸ் என்ற பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க முடியாது.

அந்தப் பெயர் இந்தியாவுக்கு வந்ததும் சென்னை வழியாகத்தான். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் இரத்த மாதிரிகளைச் சோதிக்க எடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில், இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது.

*

பம்பாயின் சிப்லா கம்பெனி 1935ல் குவாஜா அப்துல் ஹமீது தொடங்கியது. அவருடைய மகன் யூசுஃப் ஹமீது கேம்பிரிட்ஜில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1990களின் தொடக்கத்தில் ஹைதராபாத் இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏ.வி. ராமாராவ், ஏ.இசட்.டி.யைச் செய்ய ஒரு முறையை உருவாக்கிக் கொடுத்தார். 1993ல் சிப்லா அதைச் சர்வதேச விலையில் ஒரு சிறு பங்குக்குச் சந்தையில் இறக்கியது. வாங்க ஆளில்லை. தடுப்புப் பிரசாரத்துக்குத்தான் பணம் இருக்கிறது, சிகிச்சைக்கு இல்லை என்றது அரசு. மருந்து காலாவதியாகி வீணாகப் போனது.

2000 செப்டம்பர் 28 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய ஆணையம் ஒரு கூட்டம் கூட்டியது. ஏழை நாடுகளின் தொற்றுநோய்கள் பற்றிய கூட்டம் அது. அமைச்சர்கள், பெரிய மருந்து கம்பெனிகளின் தலைவர்கள், உலக சுகாதார நிறுவன அதிகாரிகள் எல்லாரும் இருந்தார்கள். ஹமீதுக்குச் சில நிமிடங்கள் பேச வாய்ப்புக் கிடைத்தது. மூன்று மருந்துச் சிகிச்சையை வருடத்துக்கு 800 டாலருக்குத் தருகிறேன் என்றார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தை இலவசமாகத் தருகிறேன் என்றார். தாங்களே செய்துகொள்ள விரும்பும் நாடுகளுக்குத் தொழில்நுட்பத்தையும் இலவசமாகக் கற்றுத்தருகிறேன் என்றார். 10,000 டாலர் பொருளை 800 டாலருக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொல்லி உட்கார்ந்த அந்த அறையிலிருந்து, பல மாதங்களுக்கு எந்த அரசும் அவரை அழைக்கவில்லை.

அந்த மௌனத்துக்கு ஒரு பின்னணி இருந்தது. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது, ட்ரிப்ஸ் என்ற ஒப்பந்தமும் கூடவே வந்தது. உறுப்பு நாடுகள் எல்லாம் மருந்துப் பொருளுக்கும் 20 வருடக் காப்புரிமை தரவேண்டும் என்றது அது. இந்தியா போன்ற நாடுகளுக்கு 2005வரை அவகாசம் இருந்தது. அந்த இடைவெளிக்குள்தான் ஹமீது பேசினார். ஆனால் அவரிடம் வாங்க நினைத்த நாட்டின் சட்டம் அனுமதிக்க வேண்டுமே. அனுமதிக்கும்படி சட்டம் போட்ட ஒரு நாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை எல்லா அரசுகளும் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த நாடு தென்னாப்பிரிக்கா. நெல்சன் மண்டேலா அதிபராக இருந்தபோது, 1997ல், விலை குறைவாகக் கிடைக்கும் இடத்திலிருந்து மருந்தை இறக்குமதி செய்ய வழிவிடும் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 1998 பிப்ரவரியில் சுமார் நாற்பது மருந்து கம்பெனிகள் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. எதிர்மனுதாரர் பட்டியலில் முதலில் இருந்தது அதிபர் மண்டேலா. இருபத்தேழு வருடம் சிறையில் இருந்து வெளியே வந்த மனிதரை, தன் மக்களுக்கு மலிவாக மருந்து வாங்க முயன்றார் என்பதற்காக நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆறவில்லை. அமெரிக்க அரசும் கம்பெனிகளின் பக்கம் நின்று தென்னாப்பிரிக்காவைத் தன் வர்த்தகக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. 1999ல் துணை அதிபர் அல் கோர் தேர்தல் பிரசாரத்தைத் தொடங்கிய மேடைகளில் எய்ட்ஸ் இயக்கத்தினர் குரல் எழுப்பிக் குறுக்கிட்டார்கள். அதன் பிறகே வாஷிங்டன் இறங்கிவந்தது. 2000 மே மாதம் கிளின்டன் ஓர் ஆணை பிறப்பித்து அந்த நெருக்கடியைத் தளர்த்தினார்.

தென்னாப்பிரிக்காவுக்குள் போராட்டத்தை நடத்தியவர்கள் நோயாளிகளே. 1998 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று கேப்டவுனில் ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’ பிறந்தது. தலைவர் சாக்கி அக்மத், நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறுவயதிலேயே சிறை போனவர். அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. நண்பர்கள் பணம் போட்டு மருந்து வாங்கித்தர முன்வந்தார்கள். அரசு மருத்துவமனையில் எல்லாருக்கும் கிடைக்கும்வரை தானும் சாப்பிடுவதில்லை என்று மறுத்துவிட்டார். 2002ல் மண்டேலாவே அவர் வீட்டுக்குப் போய் மருந்து சாப்பிடும்படி கேட்டுக்கொண்டார். அப்போதும் அவர் இசையவில்லை.

இயக்கத்தில் கிறிஸ்டோபர் மொராகா என்று ஒருவர் இருந்தார். வாய், தொண்டை முழுக்கப் பூஞ்சைத் தொற்று. விழுங்க முடியாது. அதற்கு ஃப்ளூகோனசோல் என்ற நல்ல மருந்து உண்டு, காப்புரிமை ஃபைசர் கம்பெனியிடம் இருந்ததால் விலை எட்டாது. அவர் நாடாளுமன்றக் குழு முன்னால் போய்த் தன் நிலையைச் சொன்னார். 2000 ஜூலையில் இறந்துபோனார். அக்டோபரில் அக்மத் தாய்லாந்துக்குப் போய், அங்கே காப்புரிமையில்லாமல் தயாராகும் அதே மருந்தை வாங்கி, சட்டத்தை மீறி, எல்லாருக்கும் சொல்லிவிட்டு நாட்டுக்குள் கொண்டுவந்தார். அதன் விலை, தென்னாப்பிரிக்க அரசு ஃபைசருக்குக் கொடுத்த விலையில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சட்டமறுப்புக்கு மொராகாவின் பெயரையே வைத்தார்கள். உப்புச் சத்தியாகிரகத்தின் பரம்பரையில் வைத்துப் பார்க்கவேண்டிய செயல் அது.

அதே 2000 ஜூலையில் டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது. பிறக்கும்போதே கிருமி தொற்றிய 11 வயதுச் சிறுவன் என்கோசி ஜான்சன் மேடையேறி, கர்ப்பிணித் தாய்மார்களுக்கு ஏ.இசட்.டி. கொடுங்கள் என்று தன் நாட்டு அரசைக் கேட்டான். அடுத்த ஜூனில் அவன் இறந்துவிட்டான். எட்வின் கேமரன் என்ற நீதிபதி, தனக்கும் எச்.ஐ.வி. உண்டு என்று சொல்லி, என் சம்பளத்தில் மருந்து வாங்க முடிவதால்தான் உயிரோடு உங்கள் முன் நிற்கிறேன் என்றார்.

அந்த மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் மண்டேலாவுக்குப் பின் அதிபரான தாபோ இம்பெகி. எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தவர் அவர். பழியெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளுடையது என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், ஆனால் உண்மையாகாது. விலை குறைந்த பிறகும், நெவிராபினை இலவசமாகத் தர ஆள் இருந்தபோதும், இம்பெகியின் அரசு தயங்கியது. அரசியல் சாசன நீதிமன்றம் 2002 ஜூலையில் உத்தரவிட்ட பிறகே தாய்மார்களுக்கு மருந்து பரவலாகப் போனது. அந்தத் தாமதம் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

*

2001 பிப்ரவரியில் ஹமீது தன் விலையை மறுபடி குறைத்தார். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடத்துக்கு 350 டாலர். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் சற்றுக் குறைவு. பிப்ரவரி 7 அன்று நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. அந்தச் செய்தி பெரிய கம்பெனிகளுக்கு எந்தப் போராட்டத்தையும்விடப் பெரிய சங்கடத்தைக் கொடுத்தது. இத்தனை நாளும் சிகிச்சை இயற்கையாகவே விலை உயர்ந்தது என்று உலகம் நம்பியிருந்தது. லாபம் வைத்து நடத்தும் ஒரு கம்பெனி முப்பதில் ஒரு பங்கு விலைக்குத் தர முடியும் என்றால், மீதி இருபத்தொன்பது பங்கு என்ன என்ற கேள்வியை இனிமேல் யாரும் மறைக்க முடியாது.

மார்ச் 5 அன்று பிரிட்டோரியாவில் வழக்கு விசாரணைக்கு வந்தது. அக்மத்தின் இயக்கம் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாகத் தன்னைச் சேர்க்கும்படி கேட்டது. நீதிபதி பெர்னார்ட் இங்கோபே அனுமதித்தார். அதன் பொருள், கம்பெனிகள் தங்கள் செலவுக் கணக்கையும் விலைக் கணக்கையும் பற்றிய கேள்விகளுக்குத் திறந்த நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அதே மாதம் யேல் பல்கலைக்கழக மாணவர்களும், ஸ்டாவுடின் ஆய்வில் ஈடுபட்டிருந்த பேராசிரியர் வில்லியம் புருசாஃபும் கொடுத்த அழுத்தத்தில், பிரிஸ்டல் மையர்ஸ் கம்பெனி தென்னாப்பிரிக்காவில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்துவதில்லை என்று அறிவித்தது. ஏப்ரல் 19 அன்று கம்பெனிகள் எல்லாம் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. அக்மத்தின் இயக்கத்தினர் நீதிமன்றத்துக்குள்ளேயே ஆடிப் பாடினார்கள்.

ஆகஸ்டில் சிப்லா இன்னொரு காரியம் செய்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றையும் ஒரே மாத்திரைக்குள் அடக்கி ‘ட்ரையோமூன்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பணக்கார நாட்டு நோயாளி அப்போது பல டப்பாக்களைத் திறந்து, வேளைக்கொரு கைப்பிடி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்று மருந்துக்கும் காப்புரிமை மூன்று வெவ்வேறு கம்பெனிகளிடம் இருந்ததால் இந்த ஒற்றை மாத்திரை மேற்கில் பிறக்க வழியில்லை. இந்தியச் சட்டத்தில் வழி இருந்தது. அய்யங்கார் அறிக்கைக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவில் நாற்பத்திரண்டு வருடம்.

இவ்வளவுக்குப் பிறகும் வேறொரு தடை எஞ்சியிருந்தது. மாத்திரையைக் கொடுத்தாலும் ஆப்பிரிக்கர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவார்களா என்று கேட்டார்கள். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவித் துறையான யு.எஸ்.எய்ட் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்காவில் பலர் கடிகாரத்தையே பார்த்ததில்லை, நேரம் பார்த்து மருந்து சாப்பிட அவர்களுக்குத் தெரியாது என்ற பொருளில் 2001ல் பேசினார். பதில் கேப்டவுனை ஒட்டிய கயெலிட்ஷாவிலிருந்து வந்தது. தகரக் கொட்டகைகள் நிறைந்த அந்தக் குடியிருப்பில் எல்லைகளற்ற மருத்துவர்கள் 2001 மே மாதம் சிகிச்சை தொடங்கினார்கள். மிக முற்றிய நிலையில் வந்தவர்களே அதிகம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் உயிரோடு இருந்தார்கள். கிருமி அடங்கிய விகிதம் பணக்கார நாட்டு மருத்துவமனைகளுக்கு ஈடாக இருந்தது. ஹைட்டியின் மலைக்கிராமமான கான்ஜில் மருத்துவர் பால் ஃபார்மரின் குழு இன்னும் முன்னதாகவே இதை நிரூபித்திருந்தது. அங்கே அக்கம்பக்கத்துக்காரர் ஒருவரையே சம்பளத்துக்கு அமர்த்தி, தினமும் நோயாளி வீட்டுக்குப் போய் மாத்திரையைக் கையில் கொடுக்கச் செய்தார்கள்.

2001 நவம்பர் 14, தோஹா நகரம். பொது சுகாதாரத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கைக்கு ட்ரிப்ஸ் ஒப்பந்தம் தடையாக இருக்கக்கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் அறிவித்தார்கள். 2002ல் உலக நிதியம், 2003ல் அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம் என்று பணமும் வரத் தொடங்கியது. அந்தப் பணம் கம்பெனிகளின் பழைய விலையில் மருந்து வாங்கியிருந்தால் சில லட்சம் பேரோடு தீர்ந்திருக்கும். சில வருடங்களில், நன்கொடைப் பணத்தில் வளரும் நாடுகளுக்குப் போன எய்ட்ஸ் மருந்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் செய்தவையாக இருந்தன.

அந்த இந்தியாவிலேயே ஏழை நோயாளிக்கு என்ன கிடைத்தது? இதைச் சொல்லாமல் பெருமைப்பட்டுக்கொள்வது நியாயமில்லை. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போட்டவர்களுக்குத்தான் இங்கே மருந்து. லாரி ஓட்டுநரின் மனைவிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் அது உகாண்டா நோயாளிக்கு எட்டாத அதே தூரத்தில்தான் இருந்தது. நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்த்துவந்த தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில், எதிர்ப்புச் சக்தி குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கு வைத்தியம் பார்த்து அனுப்புவதற்கு மேல் மருத்துவர்களால் அதிகம் செய்ய முடியவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்றுதான் மத்திய அரசின் இலவச மூன்று மருந்துச் சிகிச்சை தொடங்கியது. முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. சிப்லாவின் விலை உலகச் செய்தியான பிறகு மூன்று வருடம் கடந்திருந்தது.

2005ல் இந்தியாவின் அவகாசம் முடிந்தது. பொருள் காப்புரிமை திரும்பி வந்தது. ஆனால் சட்டத்தைத் திருத்தியபோது, இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலாலும் நோயாளர் அமைப்புகளின் போராட்டத்தாலும் ஒரு பாதுகாப்பு சேர்ந்தது. அதுதான் 3(டி) பிரிவு. பழைய மருந்தைச் சற்றே மாற்றி, குணப்படுத்தும் திறனில் கூடுதல் பலன் காட்டாமல், புதுக் காப்புரிமை வாங்க முடியாது. அதை உடைக்க முயன்ற வழக்கும் சென்னையிலேயே நடந்தது. இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கை, நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றமும் நிராகரித்தது. அப்போது கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை 10,000 ரூபாய்க்கும் குறைவு.

ட்ரையோமூனுக்குத் திரும்புவோம், அதற்கு ஒரு வலியான பின்கதை உண்டு. ஸ்டாவுடின் நீண்டநாள் சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போனது. பாதங்களில் தீராத எரிச்சல். பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் முகம். பணக்கார நாடுகள் அதை விட்டுவிட்டு டெனோஃபோவிர் என்ற மருந்துக்கு மாறிய பிறகும், மலிவு என்பதால் ஏழை நாடுகளில் அதே மருந்து தொடர்ந்தது. படிப்படியாக நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ல்தான் சொன்னது. உயிர் கிடைத்தது, ஆனால் இரண்டாம் தர மருந்தில் கிடைத்தது. இன்று பரவலாகக் கொடுக்கப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. ஏழை நாடுகளுக்கு வருடத்துக்கு 50 டாலருக்கும் குறைவு. உலகில் இப்போது மூன்று கோடிப் பேருக்குச் சிகிச்சை கிடைக்கிறது. முன்பு 20 லட்சத்தைத் தொட்ட வருடாந்தரச் சாவு 2023ல் சுமார் 6,30,000. முற்றிலும் தடுக்கக்கூடிய சாவுகள் இவை.

இப்போது அடுத்த மருந்து வந்திருக்கிறது. லெனாகாபவிர், ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி. போட்டுக்கொண்டவருக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது கிலியட் கம்பெனி வைத்த விலை வருடத்துக்கு 28,218 டாலர். அதே ஆண்டு செப்டம்பரில், டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ என்ற இரண்டு ஹைதராபாத் கம்பெனிகள் 2027 முதல் வருடத்துக்கு 40 டாலருக்குத் தருவதற்கு ஏற்பாடாகியிருப்பதாக அறிவிப்பு வந்தது. அந்த விலை கிலியட் உரிமம் கொடுத்த 120 நாடுகளுக்கு மட்டும். பட்டியலில் பிரேசில் இல்லை, அர்ஜென்டினா இல்லை, மெக்சிகோ இல்லை, பெரு இல்லை. இந்த நான்கு நாடுகளிலும் மனிதர்கள் தங்கள் உடம்பில் ஊசி போட்டுக்கொண்டு அந்த மருந்தின் சோதனைக்கு உதவியிருக்கிறார்கள்.

(தொடரும்)